கேன்சர் சிகிச்சை முடிந்த பிறகும் உடம்பு ஏன் பழையபடி ஆகவில்லை?

கடைசி கீமோ முடிந்துவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதையும் செலுத்தியாயிற்று. ஆனாலும் ஆறு மாதம் கழித்து, பாதம் மரத்துக் கிடக்கிறது, பத்து நிமிடம் நின்று சமைத்தால் உட்காரத் தோன்றுகிறது, நேற்று பேசிய விஷயம் இன்று நினைவில் இல்லை, ராத்திரி தூக்கம் வருவதில்லை. இதை வீட்டில் சொன்னால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "உயிர் பிழைச்சதே பெரிசு. இதையெல்லாம் மனசுல போட்டுக்காதே."

அன்பில் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனால் அதைக் கேட்டுக் கேட்டே பலர் தங்கள் தொந்தரவை டாக்டரிடம்கூடச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்தத் தொந்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, காரணம் தெரியும், பலவற்றுக்கு வைத்தியமும் உண்டு. சிகிச்சை முடிவது ஒன்று, குணமாகி எழுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் சில மாதங்களும் இருக்கலாம், பல ஆண்டுகளும் இருக்கலாம்.

இதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர்களில் ஒருவர் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர். தன் நெஞ்சில் கட்டி இருப்பதைத் தன் எக்ஸ்ரேயிலேயே பார்த்தபோது அவருக்கு வயது 32. சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 1985ல் ஒரு மருத்துவ இதழில், கேன்சரிலிருந்து பிழைப்பதை மூன்று பருவங்களாகப் பிரித்து எழுதினார். நோயைக் கண்டுபிடித்து சிகிச்சை செய்யும் காலம் முதலாவது. சிகிச்சை முடிந்து, திரும்பி வருமோ என்ற பயத்தோடும் தளர்ந்த உடம்போடும் கழியும் காலம் இரண்டாவது. நோய் போய்விட்டது என்று ஓரளவு நம்பி, அதன் தழும்புகளோடு வாழும் காலம் மூன்றாவது. முதல் பருவத்துக்கு மருத்துவமனை முழுக்கக் கூட நிற்கிறது. இரண்டாவதில் மனிதர் தனியாக விடப்படுகிறார். முல்லன் 2019 வரை வாழ்ந்தார். அவர் எழுதி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த இரண்டாம் பருவத்தைப் பற்றி நாம் இன்னும் போதுமான அளவு பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஏன் இப்படி ஆகிறது?

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. முடி, வாயின் உள்தோல், ரத்தம் உண்டாகும் எலும்பு மஜ்ஜை இவையும் வேகமாகப் பெருகுபவை என்பதால் அவையும் அடிபடும். ஆனால் திரும்ப வளர்ந்துவிடும். அதனால்தான் முடி மீண்டும் முளைக்கிறது. நரம்பும் இதயத் தசையும் அப்படி அல்ல. அவை அடிபட்டால் மெதுவாகத்தான் தேறும், சில சமயம் முழுவதும் தேறாது.

ரேடியேஷனின் கதை வேறு. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் அந்தச் சிகிச்சை, பட்ட இடத்துச் சின்ன ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, தசையை விறைப்பாக்குகிறது. இது முடிந்த அன்றோடு நிற்பதில்லை, மெதுவாகத் தொடர்ந்து நடக்கிறது. அதனால் சில விளைவுகள் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துக்கூட முதல்முறையாகத் தலைகாட்டும். "கரண்ட் வெச்சு மூணு வருஷம் ஆச்சே, இப்ப எப்படி?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

தூங்கி எழுந்தாலும் தீராத அசதி

சிகிச்சைக்குப் பின் அதிகம் பேர் சொல்வது அசதியைத்தான். வேலை செய்து வரும் களைப்பு தூங்கினால் போய்விடும். இது போகாது. காலையில் எழும்போதே உடம்பு கனக்கும்.

முதல் வேலை, சரிசெய்யக் கூடிய காரணம் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது. ரத்தசோகை, தைராய்டு குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு, வலி, சில மாத்திரைகள், எல்லாமே அசதியாகத் தெரியும். இவை எதுவும் இல்லை என்றால், இதுவரை நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பலன் தந்திருப்பது உடற்பயிற்சி. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு நடந்தாலே அசதியும் பதற்றமும் குறைகின்றன. அசதியாக இருப்பவரை நடக்கச் சொல்வது கொடுமை என்று வீட்டில் நினைப்பார்கள். படுக்கையில் வைத்தே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் படுக்கப் படுக்கத் தசை கரையும், தசை கரையக் கரைய அசதி கூடும். முதல் வாரம் வாசல்வரை, அடுத்த வாரம் தெருமுனைவரை என்று ஆரம்பித்தால் போதும்.

செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பவர்கள்

பாக்ளிடாக்ஸல், ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின், போர்ட்டிசோமிப் போன்ற மருந்துகள் நரம்பைத் தாக்கும். உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் முதலில் கால்விரல் மரத்துப் போகும், அப்புறம் பாதம், அப்புறம் கைவிரல். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள்.

அன்றாடத்தில் இது எப்படி இருக்கும் என்றால், ரப்பர் செருப்பு ஒன்று வழியில் கழன்றுவிடும், அவருக்குத் தெரியாது. பின்னால் வருபவர் கூப்பிட்டுச் சொல்லித்தான் திரும்பிப் பார்ப்பார். சட்டையின் மேல் பட்டனைப் போட ஐந்து நிமிடம் ஆகும். சில்லறை எண்ணிக் கொடுக்க முடியாமல் பஸ்ஸில் முழு நோட்டாக நீட்டுவார். இருட்டில் பாத்ரூமுக்குப் போகும்போது தடுமாறுவார், ஏனென்றால் கால் எங்கே இருக்கிறது என்ற தகவலைப் பாதம் சரியாக அனுப்பாது. பகலில் கண் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது, இருட்டில் அதுவும் இல்லை.

ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின் இரண்டிலும் ஒரு விசேஷம் உண்டு. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு மரத்துப்போதல் கூடிக்கொண்டே போகலாம். இது தெரியாவிட்டால் நோய் திரும்பிவிட்டது என்றே பயந்துவிடுவோம். சில மாதங்களில் பலருக்குக் குறைய ஆரம்பிக்கும், சிலருக்கு ஓரளவு அப்படியே தங்கிவிடும். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு பாதிப்பு அதிகம் என்பதால் அவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் முதல் வைத்தியம்.

வலியும் எரிச்சலும் இருந்தால் டுலாக்ஸெட்டின் என்ற மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். கீமோவால் வரும் நரம்பு வலிக்கு ஓரளவு நல்ல ஆதாரம் உள்ள மருந்து அது. 'நரம்புச் சத்து' என்று மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளுக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் மட்டும் விஷயம் வேறு. மற்றபடி, பின்பக்கம் வார் உள்ள செருப்பு, பாத்ரூமில் இரவு முழுக்க ஒரு சின்ன லைட், தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்ப்பது, வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து ஊற்றிக்கொள்வது, இவை பல விபத்துகளைத் தவிர்க்கும்.

அக்குளில் நெறி எடுத்த கை

மார்பகக் கேன்சர் அறுவையில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை, அதாவது நெறிகளை, எடுப்பார்கள். கையிலிருந்து நிணநீர் வடியும் வழி அது. வழி குறைந்தால் நீர் கையிலேயே தேங்கி வீங்கும். முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையில் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான். அறுவை முடிந்த சில மாதத்திலும் வரலாம், பல ஆண்டு கழித்தும் வரலாம்.

வளையல் இறுக்கமாவது, மோதிரம் கழலாதது, ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது, இவைதான் ஆரம்ப அடையாளம். இந்தக் கட்டத்திலேயே பிசியோதெரபிஸ்ட்டிடம் போனால் அழுத்தக் கையுறையும் மசாஜும் பயிற்சியும் கொடுத்து வீக்கத்தை அடக்கிவிடலாம். வீக்கம் கெட்டிப்பட்ட பிறகு போனால் கஷ்டம்.

"அந்தக் கையால ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது" என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2009ல் வெளியான ஒரு ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. கை வீங்கிய பெண்களைப் பயிற்றுநர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்க வைத்தார்கள். வீக்கம் கூடவில்லை, தொந்தரவு குறைந்தது. அதற்காக நாளைக்கே அரிசி மூட்டை தூக்கிவிடக் கூடாது. கையை வேலையே இல்லாமல் தொங்கவிட வேண்டியதில்லை, படிப்படியாகப் பழக்க வேண்டும். அந்தக் கை திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வாய், பல், கழுத்து

நம் நாட்டில் புகையிலையால் வாய்ப் புற்று அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாயிலும் கழுத்திலும் ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு எச்சில் சுரப்பிகள் சுருங்கிவிடும். எச்சில் இல்லாமல் சாப்பிடுவது என்னவென்று, வாய் வறண்டவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். புட்டு, சப்பாத்தி, பொரியல் எதுவும் இறங்காது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். ரசம் சாதத்தைக் கரைத்து வைத்தாலும் அதிலுள்ள மிளகு வாயை எரிக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகும் இவர் இலை பாதியில் இருக்கும். அந்தக் கூச்சத்தாலேயே விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

எச்சில்தான் பல்லையும் காக்கிறது. அது இல்லாதபோது பல் வேகமாகச் சொத்தையாகும். இங்கேதான் பெரிய ஆபத்து. ரேடியேஷன் பட்ட தாடை எலும்புக்கு, குறிப்பாகக் கீழ்த்தாடைக்கு, ரத்த ஓட்டம் குறைவு. அந்த இடத்தில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். இந்த ஆபத்து பத்து வருஷம் கழித்தும் இருக்கிறது. ஆகவே பல் வலி என்று எந்த டாக்டரிடம் போனாலும், முகாமுக்கே போனாலும், வாயைத் திறக்கும் முன் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை "எனக்குத் தாடைல ரேடியேஷன் கொடுத்திருக்காங்க" என்பதுதான். சொத்தை வராமலே காக்க ஃப்ளூரைடு பேஸ்ட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரும் அவசியம்.

வாய் திறப்பது குறைகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நடுவில் உள்ள மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். மூன்று விரல் நுழைவதுதான் பொதுவான அளவு. இரண்டுதான் நுழைகிறது, போன மாதம் இரண்டரை நுழைந்தது என்றால் காத்திருக்க வேண்டாம். வாய் திறக்கும் பயிற்சிகள் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன் தரும்.

கழுத்தில் ரேடியேஷன் பட்டவர்களுக்கு தைராய்டு மெதுவாகக் குறையலாம். ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே வந்தால் தெரிந்துவிடும். ஒரு சின்ன மாத்திரையில் சரியாகும் விஷயம்.

இதயம்

டாக்ஸோருபிசின் என்பது சிவப்பு நிறக் கீமோ. மார்பகக் கேன்சர், லிம்போமா என்ற நிணநீர்க் கேன்சர், குழந்தைகளின் சில கேன்சர்கள் எனப் பலவற்றில் உயிர் காக்கும் மருந்து. ஆனால் வாழ்நாள் முழுக்க ஏற்றிய மொத்த அளவு கூடக்கூட இதயத் தசை பலவீனமாகும். அதனால் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். பல ஆண்டு கழித்து மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, படுத்தால் திணறுவது இவை வந்தால், இந்த மருந்து எடுத்த விவரத்தை இதய டாக்டரிடம் சொன்னால்தான் அவர் சரியான கோணத்தில் பார்ப்பார். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது இவர்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

யாரும் கேட்காத கேள்வி

கருப்பைவாய்ப் புற்றுக்கு இடுப்பில் ரேடியேஷன் எடுத்த பெண்களுக்குப் பிறப்புறுப்பின் பாதை சுருங்கி, ஒட்டிக்கொண்டு, வறண்டுபோகும். தாம்பத்யம் வலிக்கும். டாக்டர் கேட்க மாட்டார், இவர் சொல்ல மாட்டார், கணவருக்குக் காரணம் புரியாது. ரேடியேஷன் முடிந்த சில வாரங்களிலேயே டைலேட்டர் என்ற சிறிய கருவியை டாக்டர் சொல்லும் முறைப்படி பயன்படுத்தினால் பாதை ஒட்டாமல் காக்கலாம். தாம்பத்யத்துக்கு மட்டும் அல்ல, பின்னாளில் டாக்டர் உள்ளே பார்த்துப் பரிசோதிக்கவும் இது தேவை. டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் நர்ஸ் அக்காவிடம் தனியாகக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. பிராஸ்டேட் சிகிச்சை எடுத்த ஆண்களுக்கு வரும் விறைப்புக் குறைவுக்கும் இதே பேச்சு பொருந்தும், அதற்கும் மருந்துகள் உண்டு.

இதே ரேடியேஷனால், மாதங்கள் கழித்து மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வரலாம். மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டுக் காலம் கடத்த வேண்டாம். குடலில் கேமரா விட்டுப் பார்க்கும் டாக்டரிடமும் ரேடியேஷன் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தில் தேவையில்லாமல் சதை எடுத்தால் ஆறாமல் போகக்கூடும்.

மறதி

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது, தெரிந்தவர் பெயர் வாயில் வராமல் நிற்பது, கணக்கு எழுதும்போது வரி தவறுவது. கீமோவுக்குப் பின் இப்படிப் பலருக்கு நடக்கிறது. புத்தி பேதலிக்கவில்லை, கவனமும் வேகமும் குறைந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு மாதங்கள் போகப் போகத் தெளிந்துவிடும். அதுவரை எல்லாவற்றையும் எழுதி வைப்பது, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்வது, நன்றாகத் தூங்குவது உதவும். வீட்டில் இருப்பவர்கள் "நேத்துதானே சொன்னேன்" என்று முகம் சுளிக்காமல் இருப்பது இன்னும் அதிகம் உதவும்.

மனசு

சிகிச்சை நடக்கும்போது பயப்பட நேரம் இருக்காது. அடுத்த ஊசி, அடுத்த ரத்தப் பரிசோதனை, பணத்துக்கு என்ன செய்வது என்றே நாள் ஓடும். எல்லாம் முடிந்து வீடு அமைதியான பிறகுதான் பயம் வந்து உட்காரும். சிகிச்சையின்போது அழாதவர் முடிந்த பிறகு அழுதால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

பயங்களில் முதலாவது, திரும்பி வந்துவிடுமோ என்பது. தலை வலித்தால் மூளைக்குப் பரவிவிட்டது, இடுப்பு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது என்று மனம் ஓடும். ரிவியூ தேதிக்கு ஒரு வாரம் முன்பே தூக்கம் போகும், ரிசல்ட் நல்லபடியாக வந்ததும் சில வாரம் நிம்மதி, மறுபடியும் ஆரம்பிக்கும். அதிகமாகப் பயப்படும் சிலர் வாரத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்பார்கள். சிலர் நேர்மாறாக ரிவியூவுக்கே போகாமல் தவிர்ப்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எந்த அறிகுறிக்காகப் போக வேண்டும், எதற்காகக் காத்திருக்கலாம் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது பாதிப் பயத்தைக் குறைக்கும். பயம் அன்றாட வேலையையே கெடுக்கும் அளவுக்குப் போனால் அதற்கென்றே பேச்சு வழிச் சிகிச்சைகள் உண்டு.

இன்னொன்று, உடம்பு வைத்திருக்கும் ஞாபகம். பஸ் ஆஸ்பத்திரி ஸ்டாப்பை நெருங்கும்போதே சிலருக்குக் குமட்டும். ஸ்பிரிட் வாசனை, வார்டில் கொடுத்த அதே ஜூஸ், எதுவும் அதைக் கிளப்பும். கீமோ நாட்களில் குமட்டலும் அந்த இடமும் சேர்ந்தே வந்ததால் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. மனப்பிரமை என்று ஒதுக்க வேண்டாம், வேண்டுமென்று யாரும் இதைச் செய்வதில்லை. ரிவியூவுக்குப் போகும் முன் டாக்டரிடம் சொன்னால் மாத்திரை கொடுப்பார், மூச்சுப் பயிற்சியும் உதவும்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இறந்துவிட்டார், நான் மட்டும் ஏன் இருக்கிறேன் என்ற குற்ற உணர்ச்சியும் சிலரை வாட்டும். அதை வெளியே சொல்லக் கேட்டதே அபூர்வம். வீட்டில் உட்கார்ந்து கேட்க ஒருவர் இருந்தால் போதும், ஆறுதல் வார்த்தைகூட வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றினால் அது மனச்சோர்வு நோய், சிகிச்சை தேவை. பெரிய கேன்சர் மருத்துவமனைகளில் இதற்கென மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரை எழுதும் மனநல மருத்துவரிடம், மார்பகக் கேன்சருக்கான டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் அவசியம் சொல்லுங்கள். பராக்ஸெட்டின், ஃப்ளூஆக்ஸெட்டின் போன்ற சில மருந்துகள் டமாக்ஸிஃபென் உடம்பில் முழுமையாகச் செயல்படுவதைத் தடுக்கின்றன. வேறு மருந்துகள் இருக்கின்றன, மாற்றிக் கொடுப்பார்.

சின்ன வயதில் கேன்சர் வந்து மீண்டவர்கள்

இவர்களுக்கு முன்னால் அறுபது எழுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது, அதனால் பின்விளைவைக் கண்காணிப்பதும் அவ்வளவு நீளம். மூளைக்கு ரேடியேஷன் பெற்ற குழந்தை படிப்பில் பின்தங்கலாம், உயரம் குறையலாம். நெஞ்சில் ரேடியேஷன் பெற்ற சிறுமிகளுக்கு வளர்ந்த பிறகு மார்பகக் கேன்சர் வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் 25 வயதிலிருந்தோ, ரேடியேஷன் முடிந்து எட்டாவது ஆண்டிலிருந்தோ, இரண்டில் எது பின்னால் வருகிறதோ அப்போதிருந்து, அவர்களுக்குத் தனிப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, சிகிச்சை முடித்த குழந்தைகளுக்கென்றே 1991ல் ஒரு தனிக் கிளினிக்கைத் தொடங்கியது. பல பெற்றோர், குழந்தை பெரியவளானதும் பழைய நோயைப் பற்றிச் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள், கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று. ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம். அந்தப் பெண்ணிடம் மறைக்கக் கூடாது. என்ன மருந்து தன் உடம்பில் ஏறியது என்று தெரியாமல் அவள் எப்படித் தன்னைக் காத்துக்கொள்வாள்?

அந்த ஃபைல்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: வேறு டாக்டரிடம் போகும்போது பழைய சிகிச்சையைச் சொல்வது. அதற்கு ஞாபகத்தை நம்ப முடியாது. கடைசி ரிவியூவின்போதே ஒரு பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். எந்த வகைக் கேன்சர், எந்த நிலை, என்ன அறுவை, எத்தனை நிணநீர் முடிச்சு எடுத்தார்கள், எந்தெந்தக் கீமோ மருந்து மொத்தம் எவ்வளவு, ரேடியேஷன் எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிரின் அளவு), இனி எந்தப் பரிசோதனை எப்போது. பழைய கேஸ் ஷீட்டுகளை மருத்துவமனைகள் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் ஃபோனுக்கும் அனுப்பி வையுங்கள்.

எல்லாவற்றையும் பின்விளைவு என்று தள்ளிவிடவும் கூடாது. புதிதாக ஒரு கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் கூடிக்கொண்டே போகும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, நிற்காத இருமல், எங்கிருந்தாவது ரத்தம், இவற்றில் எது வந்தாலும் ரிவியூ தேதிவரை காத்திருக்காமல் போக வேண்டும். முதுகு வலியோடு கால் பலவீனமாவதோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பதோ சேர்ந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.